கேட்காமல் போன பக்கங்கள்

மாவு மில்லில் கேட்டது, வீட்டில் கேட்கவில்லை. என் நோய் இப்படித்தான் தொடங்கியது.

மேலப்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மில் உண்டு. இயந்திரம் ஓடும்போது அங்கே நிற்கிற பெண்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் கத்திக்கொண்டிருப்பார்கள். எனக்கு அங்கே எல்லோர் பேச்சும் சொல் சொல்லாகக் கேட்டது. மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்படியிலிருந்து மாமி, என் கணவரின் தாயார், ஏதோ சொல்வது தெரியும். உதடு அசையும். சொல் வந்து சேராது.

அப்போது இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தேறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வலி இல்லை. சீழ் இல்லை. ஆகவே இது நோய் என்றே தோன்றவில்லை. காது மங்கத் தொடங்கியிருக்கும் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். இந்த நோய் வலிப்பதில்லை. நமக்கு வலிப்பதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்களுக்கு வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

பக்கத்து வீட்டில் தொலைபேசி இருந்தது. என் கணவர் சவூதியில் தமாமில் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். பெருநாளுக்கு ஒருமுறை அதில் கூப்பிடுவார். வீட்டார் எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பேசுவோம். காதோடு அழுத்திப் பிடித்த அந்தக் கருவியிலும் எனக்கு நன்றாகக் கேட்டது. இதனால் மாமிக்கு என்மேல் சந்தேகம் வந்தது. ஒருநாள் முகத்துக்கு நேராக நின்று கேட்டார்கள்.

"மில்லுல கேக்கு, போன்ல கேக்கு. நான் கூப்பிட்டா மட்டும் ஒனக்குக் கேக்கலியோ?"

அது கேட்டது.

ஏன் மறைத்தாய் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். என் உம்மாவின் அக்காவுக்குக் காது கேட்காது. கல்யாணமாகி நாலாவது வருடம் புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டின் பின்கட்டில் தனியே சமைத்துத் தின்று, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், 'செவிடி' என்றே அழைக்கப்பட்டு மவுத்தானார். சாகும்வரை அவருக்கு என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பின்கட்டு மட்டும்தான்.

ஆகவே நான் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்தால் சிரிப்பேன். சுருங்கினால் உச்சுக்கொட்டுவேன். கேள்வி மாதிரி இருந்தால், "பாப்போம்" என்பேன். பாப்போம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேச்சைக் கடந்துவிடலாம். மூன்று வருடம் கடந்தேன்.

* * *

என் கணவருக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கடிதம் எழுத வேண்டுமென்றால் அங்கே அறையில் இருக்கும் யாரிடமாவது சொல்லி எழுத வைக்க வேண்டும். அதனால் அவர் கேசட்டில் பேசி அனுப்புவார். விடுப்பில் ஊருக்கு வரும் காயல்பட்டினத்துக்காரர்களோ எங்கள் ஊர்க்காரர்களோ கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான் கல்யாண வாழ்க்கை நடந்தது.

கேசட்டின் முதல் பக்கம் வீட்டுக்கு. சலாம் சொல்லி, மாமியின் கால்வலியை விசாரித்து, தங்கை ஜைனம்புவின் தையல் வகுப்பைக் கேட்டு, பெரியவளைப் பாட்டுப் பாடச் சொல்லிப் பேசுவார். அதைக் கூடத்தில் வைத்து எல்லோரும் கேட்போம். மறுபக்கம் எனக்கு மட்டும். அது யாரும் சொல்லி வைத்ததல்ல, ஆனால் எல்லோருக்கும் தெரியும். முதல் பக்கம் முடிந்ததும் மாமி எழுந்து போய்விடுவார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

என் பதிலையும் அதே கேசட்டில், அவர் பேசியதன் மேலேயே பதிந்து அனுப்புவேன். ஊருக்குள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு கேசட்டுகள் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருந்தன. அவர் கேட்டதற்கு என் பதில் போய்ச் சேர நாற்பது நாள் ஆகும்.

கேட்கும் திறன் மங்கியபோது முதல் பக்கத்தில் பிரச்சினை இல்லை. கூடத்தில் சத்தமாக வைப்பார்கள், விட்டுப்போனதை ஜைனம்பு திரும்பச் சொல்வாள். மறுபக்கத்தைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால் தெருவே கேட்கும். மெதுவாக வைத்தால் அவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வரும். ஏற்ற இறக்கம் தெரியும். எங்கே சிரிக்கிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று தெரியும். என்ன சொல்கிறார் என்று தெரியாது. காதுக்குள் வைத்துக் கேட்கும் ஒயர் ஒன்று அனுப்பச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்.

எனவே மதியச் சோறு முடிந்து மாமி கண்ணயரும் நேரத்தில், கட்டிலில் படுத்து டேப்பை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அந்த அரை மணி நேரமும் அவர் பேசும் சத்தத்தை வாங்கிக்கொண்டிருப்பேன். அதன் அதிர்வு விலாவில் தெரியும். முடிந்ததும் பதிவுப் பொத்தானை அமுக்கி, பெரியவளுக்குப் பல் விழுந்தது, சின்னவன் சுவரைப் பிடித்து நடப்பது, ஆற்றில் தண்ணீர் கூடியிருப்பது என்று எனக்குத் தோன்றியதைப் பேசி அனுப்புவேன். அவர் சொன்னது எதற்கும் அதில் பதில் இருந்திருக்காது.

ஒருமுறை மட்டும் அவர் குரலை உயர்த்திச் சொன்னது கேட்டது. "ஏன் இவ்வளவு பைய பேசுத? எம்மேல கோவமா?" நான் பைய பேசுவது எனக்கே தெரியாது. என் குரல் எனக்குப் பெரிதாகவே கேட்டது.

* * *

ஜைனம்புதான் கண்டுபிடித்தாள். ஒருநாள் மதியம் ஊசி கேட்டு அறைக்குள் வந்திருக்கிறாள். மூன்று தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. டேப்பின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டேப்பை நிறுத்தினாள்.

"மைனி, அண்ணன் பேசுதது உங்களுக்குக் கேக்கலதான?"

நான் பாப்போம் என்று சொல்லவில்லை. அன்றுதான் முதல் தடவையாக இல்லை என்றேன்.

அவள் நல்ல மனதோடுதான் அடுத்ததைச் சொன்னாள். தான் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதித் தருவதாகவும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னாள். நான் டேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது அவர் எனக்குச் சொல்வது, இன்னொருவர் காது வழியாக வந்தால் அது வேறொன்றாகிவிடும் என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

அவள் எழுந்து, கேட்டு வந்த ஊசியை எடுத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ நீங்களே கேக்கதுக்கு வழி பாப்போம்" என்றாள்.

இருவரும் மாமியிடம் பிள்ளைக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். காது, மூக்கு, தொண்டைக்கென்று தனியே மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். வயதானவர். பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். பதில் சொன்னேன். பிறகு மேசைமேல் கிடந்த ஒரு அட்டையை எடுத்து வாயை மறைத்தபடி ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். ஜைனம்பு என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

டாக்டர் அட்டையை இறக்கினார். "ஒங்க வீட்டுல யானை வளக்கியளான்னு கேட்டேன். ஆமான்னு சொல்லுதிய."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஓர் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும், இரண்டு கிளை உள்ள இரும்புக் கருவி) முழங்கையில் தட்டிக் காதருகே பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் அடிப்பாகத்தைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்தார். மணி ஒலித்தது. மங்கலாக அல்ல. பிள்ளைப்பருவத்தில் பள்ளிக்கூட மணி கேட்டதுபோல, தெளிவாக. என் வாயிலிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று வந்துவிட்டது.

நோயின் பெயர் ஓட்டோஸ்க்ளிரோசிஸ் (நடுக்காதில் உள்ள மூன்று சிறு எலும்புகளில் கடைசியானது அசையமுடியாமல் இறுகிப்போவது) என்றார். அந்த எலும்பு அரிசியைவிடச் சிறியது. அது அசைந்தால்தான் ஒலி உள்காதுக்குப் போகும். என் நரம்பு நன்றாக இருந்தது. எலும்பு வழியே அதிர்வை நேராகக் கொடுத்தால் கேட்டது. தொலைபேசி கேட்டதும் என் குரல் எனக்கு மட்டும் பெரிதாக இருந்ததும் இதனால்தான். மில் இரைச்சல் எனக்கு மங்கலாகத்தான் வந்தது, அதை மிஞ்சிக் கத்துகிறவர்களின் பேச்சு மட்டும் வந்து சேர்ந்தது. குடும்ப வழியாக வரக்கூடியது என்றும், பிள்ளை உண்டாகியிருக்கும் காலத்தில் சிலருக்கு வேகமாக முற்றும் என்றும் சொன்னார். பின்கட்டில் இருந்த என் பெரியும்மாவை நினைத்துக்கொண்டேன்.

வழி இரண்டு இருந்தன. ஒன்று, காதுக்கருவி. மற்றது, ஸ்டேபிடெக்டமி (இறுகிய எலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூல்போன்ற செயற்கைத் தண்டைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை). அதை மதுரையில் செய்யலாம். பெரும்பாலும் நன்றாக வரும். வராவிட்டால் அந்தக் காது முழுதும் செத்துப்போகும், பிறகு கருவிகூடப் பயன்படாது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு காதில்தான், அதுவும் மோசமான காதில்தான் செய்வார்கள். எனக்கு அது வலது காது.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "ஆபரேஷன் பண்ணுதியளோ இல்லியோ, அது பெறகு. இன்னையிலேர்ந்து கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. நீங்க தலையாட்டினா சொன்னவன் தான் சொன்னது வந்து சேந்துட்டுன்னு நம்பிட்டுப் போயிருவான்லா."

மருந்துச் சீட்டில் இது இல்லை. ஆனால் எனக்கு அவர் தந்த மருந்துகளில் இதுவே கடினமானது.

* * *

அன்று சாயங்காலமே மாமியிடம் சொன்னோம். எனக்குப் பயமாக இருந்தது. மாமி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, நான் உதட்டைப் பார்க்க வசதியாக மெதுவாகச் சொன்னார்கள்.

"ஒன் மாமா மவுத்தான அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நான் பெத்த பிள்ளையள்ட்டகூடச் சொன்னதில்ல. ஒன்கிட்டதான் சொன்னேன். நீ கீரை ஆஞ்சிக்கிட்டே தலையாட்டுன. கல்நெஞ்சுக்காரின்னு நெனச்சேன்."

அதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். அதெல்லாம் நினைத்த நேரத்துக்குச் சொல்கிற காரியமா என்று சொல்லி எழுந்து தொழப் போய்விட்டார்கள்.

அடுத்து, அவருக்குச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு கேசட் வாங்கினேன். அரை மணி நேரப் பக்கத்தில் நான் பேசியது நாலு நிமிடம்கூட இருக்காது. எனக்குக் காது கேட்கவில்லை, மூன்று வருடமாக உங்கள் மறுபக்கங்களை நான் கேட்கவில்லை, பொய்யாகப் பதில் அனுப்பினேன், மதுரையில் சிகிச்சை இருக்கிறது, என்னைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் என்று சொன்னேன். கடைசியாகச் சொன்னதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

பதில் நாற்பது நாளில் வரவில்லை. எழுபது நாள் கழித்து வந்தது. அந்த எழுபது நாளும் எனக்குப் பெரியும்மாவின் பின்கட்டுதான் நினைவில் இருந்தது.

இந்தத் தடவை முதல் பக்கம், மறுபக்கம் என்று இல்லை. கேசட்டின் மேல் ஜைனம்புவின் பெயரையோ மாமியின் பெயரையோ அவர் சொல்லி எழுத வைக்கவில்லை. என் பெயர் மட்டும் இருந்தது. அறைக்குள் போனேன். டாக்டர் தொட்ட எலும்பு நினைவிருந்தது. டேப்பின் பெட்டியைக் காதுக்குப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். முதலில் அங்கே அறையில் ஓடிய குளிர்பெட்டியின் உறுமல். அப்புறம் அவர் தொண்டையைச் செருமுவது. பிறகு குரல், சொல்லோடு வந்தது.

"மைமூன், அப்போ போன நோம்புக்கு முந்தி நான் கேட்டது ஒனக்குக் கேக்கலியா? காண்ட்ராக்ட் முடியுது, வந்துரட்டா, இல்ல இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடட்டான்னு கேட்டேன். நீ வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வந்துருதேன்னு சொன்னேன். நீ பிள்ளைக்குப் பல்லு விழுந்ததச் சொல்லி அனுப்புன. சரி, நான் வரவேண்டாம்னுதான் ஒனக்கு இருக்குன்னு நெனச்சிட்டுப் போட்டுட்டேன்."

டேப்பை நிறுத்தினேன். சின்னவனை அவர் இன்னும் பார்த்ததில்லை. அவன் என் வயிற்றில் நாலு மாதமாக இருந்தபோது போனவர். வாங்க என்பது ஒரு சொல். அதை அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியின் மேலேயே நான் பல் விழுந்த கதையைப் பதிந்து அனுப்பியிருக்கிறேன்.

மீதிப் பக்கத்தை மறுநாள்தான் கேட்க முடிந்தது. திருப்பி அனுப்புவதைப் பற்றி அவர் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தார். அப்படி ஒரு நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார். மதுரைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார். காது வராமல் போனாலும் பரவாயில்லை, எலும்பில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

* * *

என்னைப் பெற்ற வாப்பாவும் ஜைனம்புவும் மதுரைக்குக் கூட வந்தார்கள். அறுவைச் சிகிச்சை மயக்கம் கொடுக்காமல், காதைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள். விழித்திருக்க வேண்டும், அசையக் கூடாது. முகத்தின்மேல் பச்சைத் துணி. கொஞ்ச நேரம் கழித்து உலகமே ஒருபக்கமாகச் சரிந்தது (உள்காதுதான் நம் சமநிலையையும் பார்த்துக்கொள்கிறது, அதைத் தொடும்போது தலைசுற்றும்). கலிமா சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

திடீரென்று ஓர் ஓசை. உலோகத் தட்டில் ஏதோ கருவியை வைத்த சத்தம். இவ்வளவு பக்கத்தில் யார் தட்டைப் போட்டார்கள் என்று திடுக்கிட்டேன். பிறகு மருத்துவரின் குரல், ரகசியம்போல. பழக்கதோஷம், தலையை ஆட்டப் போனேன். ஒரு கை நெற்றியை அழுத்திப் பிடித்தது.

"தலைய அசைக்கக் கூடாது. வாயால சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்?"

"ஊர்ல மழை உண்டான்னு கேட்டிய."

துணிக்கு அடியில் அழுதேன். மூக்கைச் சிந்தக் கூடாது என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. உடனே கேட்டாலும் காதுக்குள் பஞ்சு வைத்து அடைத்துவிடுவார்கள், மறுபடி மங்கிவிடும், பயப்பட வேண்டாம். நாலைந்து நாள் நடந்தால் தள்ளாடும். நாக்கின் ஒரு பக்கத்தில் சில மாதம் இரும்பைச் சப்பியதுபோன்ற ருசி இருக்கும் (சுவை நரம்பு ஒன்று நடுக்காது வழியாகத்தான் போகிறது). தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. பிள்ளையையும்தான். அதுவே எனக்குக் கடினமாக இருந்தது.

பஞ்சை எடுத்த நாளில் உலகம் என்மேல் விழுந்தது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பத்திரிகையின் தாளைப் புரட்டுவது, வளையல், செருப்பு, வாளியில் விழும் தண்ணீர் எல்லாமே பெரிதாக இருந்தன. வீட்டில் எல்லோரும் சண்டை போடுவதாக நினைத்தேன். எனக்காக மூன்று வருடமாகக் குரலை உயர்த்தி உயர்த்தி அவர்களுக்கு அதுவே வழக்கமாகியிருந்தது.

சின்னவன் என்னோடு பேச வேண்டுமென்றால் என் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டுதான் பேசுவான். பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன். அவன் பிறந்தது முதல் பார்த்தது என் மங்கிய காதை மட்டுமே. அவனாகவே அந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறான். கேட்கத் தொடங்கிய பிறகும் அதை அவன் விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது மாமி வந்து என் வலதுபக்கம் உட்கார்ந்தார்கள். முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் மாமா மவுத்தான நாளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் கையிலிருந்த புளியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கதையை இங்கே எழுதமாட்டேன். அது என்னிடம் சொல்லப்பட்டது.

* * *

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கும்போது அவர் இரண்டு மாத விடுப்பில் வந்தார். சின்னவனுக்கு நாலரை வயது. அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, நீங்கதான் வாப்பாவா என்று கேட்டான்.

கேட்கிற காதோடு அவர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சு பெருகிவரும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. முதல் வாரத்தில்தான் அதைக் கவனித்தேன். அவர் பேசத் தொடங்கினால் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசுவார். நடுவில் நான் ஏதாவது சொன்னால் திகைத்து நிறுத்திவிடுவார். நானும் அப்படித்தான். அவர் முழுவதும் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு என் பங்கை மூச்சுவிடாமல் சொல்வேன். பத்து வருடக் கல்யாணத்தில் நாங்கள் ஒரே அறையில் இருந்தது மொத்தம் ஒரு வருடம்கூட இருக்காது. ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் பழக்கமே எங்களுக்கு இல்லை. குறுக்கிடாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம். குறுக்கிட ஆள் இருந்தால்தான் அது பேச்சு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளோடு ஆற்றங்கரைக்குப் போனோம். தண்ணீர் குறைவாக இருந்தது. பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். அன்று அவரிடம் நான் வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். மூன்று வருடம் மறுபக்கங்களில் என்னவெல்லாம் சொன்னீர்கள், எனக்கு இப்போது சொல்லுங்கள் என்றேன்.

அவர் நிஜமாகவே முயன்றார். அறையில் ஒருவன் ஊர் நினைவில் புத்தி பேதலித்துப் போனது, மணற்காற்று அடித்த ஒரு நாள், நான் கல்யாணத்தன்று உடுத்திய சேலையின் நிறத்தைப் பற்றி ஏதோ ஒன்று. பிறகு நின்றுவிட்டார்.

"வரமாட்டேங்குது மைமூன். அன்னைக்கு அந்த எடத்துல ஒன்ன நெனச்சுச் சொன்னது. இப்ப நீ முன்னால இருக்க. அது எப்படி வரும்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இருந்தாலும் அழுகை வந்தது. என்னிடம் சொல்லப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இப்போது என் கேசட்டிலும் இல்லை, அவர் மனதிலும் இல்லை. நோயில் நான் இழந்தது கேட்கும் சக்தி என்றுதான் மருத்துவச் சீட்டு சொல்லும். அது திரும்பி வந்துவிட்டது. திரும்பி வராதது இது.

அவர் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. என்னிடம் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒருமுறை கேட்டுப் பதில் வராத இடத்தில் மறுபடி கேட்க மனிதருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நாளுக்கு முதல் நாள், அவர் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கேட்கப்படாமலே சொன்னேன்.

"போகாதிய."

அவர் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகு, "கையெழுத்துப் போட்டாச்சே. ஒரு வருசம் இருக்கே" என்றார். சற்றுக் கழித்து, "முடிஞ்சதும் வந்துருதேன். மறுபடி போடமாட்டேன்" என்றார். இரண்டாவது சொன்னதை நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். கேட்கவில்லை என்பதற்காக இல்லை.

அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. என் இடது காதில் இன்னும் சிகிச்சை செய்யவில்லை. அதுவும் மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறார். வலதுபக்கம் திரும்பித் தலையணையில் காதை அழுத்திப் படுத்தால் வீடு அணைந்துபோய், என் மூச்சும் இதயத் துடிப்பும் மட்டும் இருக்கும். புரண்டு படுத்தால் தெருவே வந்துவிடும். ஒரே உடம்பில் இரண்டு வீடுகளில் குடியிருப்பதுபோல இருக்கிறது. எந்த வீட்டில் இருக்கிறேன் என்பதை இப்போது நானே தீர்மானிக்கிறேன்.

நாட்களும் முன்புபோல இல்லை. முன்பெல்லாம் நாற்பது நாள் என்பது ஒரு கேசட் போய் வரும் நேரம். இப்போது என் எதிரில் இருப்பவர் சொல்லி முடித்ததும் நான் பேசுவதற்குள் உள்ள அந்தச் சிறு நேரமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவசரப்பட்டு அதை நிரப்புவதில்லை.

கேசட்டுகள் இப்போதும் வருகின்றன. ஒன்றையும் அழிப்பதில்லை. என் பதிலை வேறொன்றில் அனுப்புகிறேன். போன மாதம் வந்ததில் அவர் ஒரு புதுக் காரியம் செய்திருந்தார். சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயா, அழுதானா என்று கேட்டுவிட்டு, அடுத்ததுக்குப் போகாமல் நிறுத்திக்கொண்டார். டேப் ஓடுகிறது. குளிர்பெட்டியின் உறுமலும் அவர் மூச்சும் மட்டும் கேட்கின்றன. ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்து காத்திருக்கிறார். பிறகு, "சரி" என்கிறார். மேலே பேசுகிறார். இன்னொரு கேள்வி. மறுபடி நிறுத்துகிறார்.

முதல் தடவை புரியாமல் டேப் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது, அவர் நிறுத்திய இடத்தில் நான் பேசினேன். முதல் நாள் அழுதான், இரண்டாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டான் என்று, கதவைச் சாத்தாத அறையில், சத்தமாகவே சொன்னேன். சொல்லி முடித்தேன். மூச்சு ஒன்று கழிந்தது. அவர், "சரி" என்றார்.